ஊதாக் கோசு

2024 சூலை 15, திங்கட்கிழமை. விடியும் வேளையிலும் மூடுபனி விலகவில்லை; தூறலும் விட்டபாடில்லை. தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டில் வசுமதி அடுப்பை மூட்டியபோது, சுவருக்கு அப்பால் அடுத்த வீட்டுத் திலகம் காய் நறுக்கும் ஓசை கேட்டது. கேட்டதுமே அவளுக்கு வயிறு எரிந்தது.

வசுமதி அத்தோட்டத்திலேயே பிறந்தவள்; கொழுந்து வெட்டிக் காய்ப்பேறிய கைகள் அவளுடையவை. கோயில் திருவிழாச் சமையலுக்கு முதல் அழைப்பு அவளுக்குத்தான். ஆயினும், மகள் மலரின் சாப்பாட்டு டப்பா மட்டும் பள்ளியிலிருந்து பாதிச் சோற்றுடனே திரும்பியது. திலகத்தின் மகன் தனேஸின் டப்பாவில் பங்கு கேட்டு மலர் பசியாறிவிடுவாள்.

"திலகம் ஆன்ட்டி தெனம் ஒரு காய் வைக்கிறாங்கம்மா. நீங்க எப்பவும் அதே பொரிச்ச சோறு, நாசி கோரெங்தான்" என்பாள்.

திலகத்தின் கணவன் மகேன் திரிங்காப் ஊர்த் தோட்டங்களிலிருந்து காய்கறி லோரி ஓட்டுபவன். சந்தைக்கு ஆகாத கோணல் கேரட்டும் வெடித்த கோசும் அவனோடு வீடு வந்துவிடும். சனிக்கிழமை திலகம் ஓர் ஊதாக் கோசை வசுமதியிடம் நீட்டினாள்.

"வீட்டுல நெறைய இருக்கு லா" என்று வசுமதி கதவைச் சாத்தினாள். மறுநாளே ரிங்லெட் சந்தைக்குப் போய், அதே ஊதாக் கோசைக் காசு கொடுத்து வாங்கி வந்தாள்.

இன்று அதைப் பொடியாக அரிந்து சோற்றோடு வேகவைத்தாள். மூடியைத் திறந்தால், சோறு சாம்பல் கலந்த நீலமாகிக் கிடந்தது! வேறு சமைக்க நேரமில்லை. பள்ளி வேனோ வாசலில் நின்றது. அப்படியே கட்டிக் கொடுத்தாள்.

மாலையில் டப்பா தொடப்படாமல் திரும்பியது. "பூஞ்சணம் புடிச்ச சோறுன்னு எல்லாரும் சிரிச்சாங்கம்மா" என்று மலர் விசும்பினாள்.

பொதுக் குழாயடியில் அச்சோற்றைக் கொட்டவந்த வசுமதியைத் திலகம் பார்த்துவிட்டாள்.

"ஐயோ அக்கா, கோச தனியா வதக்கி எலுமிச்ச பிழிஞ்சிருந்தா செவப்பா நின்னிருக்குமே! என்கிட்ட ஒரு வார்த்த கேக்கக் கூடாதா?"

வசுமதி டப்பாவைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

திலகத்தின் குரல் இறங்கியது. "நான் குடுத்த கோசையும் வேணாம்னுட்டீங்க. ஏன்க்கா?"

வசுமதி நிமிர்ந்து பார்த்தாள்.

"பொறாம, திலகம்."