புரியல சார்

எங்க அக்காவைப் பெயில் போட்ட அந்தக் கணக்கு வாத்தியாரை நினைச்சாலே எனக்கு வயிறு எரியுது.

அக்கா வாடிக்கையாளர் சேவை மையத்துல போன் எடுத்துக்கிட்டு இருந்தவ. அங்க "தெரியாது"ங்கற வார்த்தை வாயிலயே வரக்கூடாது. தெரியலேன்னா, "உங்க புகாரைப் பதிவு பண்ணியிருக்கோம்"னு மழுப்பணும். "பொய் சொல்லிச் சொல்லி நாக்கே புளிச்சுப்போச்சுடி"ன்னு ஒருநாள் ஹெட்செட்டைக் கழட்டி வெச்சுட்டு, உயர்நிலைப் பள்ளி ஆசிரியர் பயிற்சியில சேர்ந்துட்டா. தலைக்கு டை அடிக்கிற வயசுல! அவ வீட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரிச்சார். அவருக்கென்ன, சிரிப்புக்கு வரியா கட்டணும்?

பயிற்சிக்காக ஒரு பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினாங்க. அங்க இந்தக் கணக்கு வாத்தியார் 'தேறிட்டா'ன்னு சொன்னாத்தான் அக்கா டீச்சர். மனுஷன் போர்டுல நாலு வரி கிறுக்கிட்டு, திரும்பி "புரிஞ்சுதா?"ம்பார். மொத்த வகுப்பும் "புரிஞ்சுது சார்!"னு கோரஸ் பாடும். ஒரு பிள்ளைக்கும் ஒரு மண்ணும் புரிஞ்சிருக்காது.

அக்கா பாடம் எடுத்த அன்னிக்கு ஒரு பொண்ணு எழுந்து, "மைனஸையும் மைனஸையும் பெருக்கினா ஏன் மிஸ் பிளஸ் வருது?"ன்னு கேட்டா.

அக்கா கொஞ்சம் யோசிச்சுட்டு, "தெரியலையேம்மா. நானும் மனப்பாடம் பண்ணினதுதான். படிச்சுட்டு வந்து நாளைக்குச் சொல்றேன்"னா. கடைசி பெஞ்சில இருந்த வாத்தியார் முகத்துல எள்ளும் கொள்ளும் வெடிச்சுது. வெளியில கூப்பிட்டு, "தெரியாதுங்கற டீச்சரை எவன் மதிப்பான்? பிள்ளைங்களைச் சோதிக்கத்தான் அப்படிச் சொன்னேன்னு நாளைக்குச் சமாளிங்க"ன்னார்.

அக்கா சமாளிக்கல. மறுநாள் மைனஸ் மூணை, மூணு, ரெண்டு, ஒண்ணு, பூஜ்யம்னு ஒவ்வொண்ணாலயும் பெருக்கி எழுதினா. விடை மைனஸ் ஒன்பது, மைனஸ் ஆறு, மைனஸ் மூணு, பூஜ்யம்னு மூணு மூணா ஏறுச்சு. "அடுத்து மைனஸ் ஒண்ணால பெருக்கினா?"ன்னு கேட்டா. "மூணு! பிளஸ் மூணு!"ன்னு பிள்ளைங்களே கத்துச்சுங்க.

அடுத்த வாரம் வாத்தியார் வழக்கம்போல "புரிஞ்சுதா?"ன்னார். ஒரு மூலையிலேருந்து "புரியல சார்"னு ஒரு குரல். அப்புறம் இன்னொண்ணு. அப்புறம் பாதி வகுப்பு.

"என் வகுப்பையே கெடுத்துட்டா இந்தம்மா"ன்னு தாம்தூம்னு குதிச்சார். கெடுத்தாளாம்! நல்லா இருந்தாத்தானேய்யா கெடுக்கறதுக்கு? தேறலன்னுட்டார். இனி வேற பள்ளிக்கூடம் தேடி, முதல்லேருந்து பயிற்சி. வீட்டுக்காரருக்கு மறுபடி சிரிப்பு.

எனக்கு ஆத்திரம் தாங்கல. அவர் மேல காட்ட முடியாததை அக்கா மேல காட்டினேன். "பெரிய அரிச்சந்திரி! அந்த ஒரு பொய்யைச் சொல்லித் தொலைச்சிருந்தா இந்நேரம் வாத்தியார் ஆகியிருப்பியேக்கா!"

"ஆகியிருப்பேன்டி"ன்னா அக்கா. "அவரை மாதிரியே ஒரு வாத்தியார்."