நீர்நாய்க் குட்டிகளும் நீலச் சட்டைக்காரரும்

மட்டாஞ்சேரியில் பிறந்து வளர்ந்தவன் நான். காயல் என்னும் எங்கள் ஊர் உப்பங்கழியை வேடிக்கை பார்க்கக் காசு கொடுப்பவர்களைக் கண்டால் எனக்குச் சிரிப்பு வரும். போன சனிக்கிழமை நானே எழுநூறு ரூபாய் கொடுத்துப் படகேறினேன். காரணம், அன்றைக்கு வழிகாட்டி என் மனைவி வசந்தா. தமிழ்ப் பயணிகளோடு அவளுக்கு அது முதல் சவாரி. வந்தவர்கள் திருப்தியாகப் போனால் சனிக்கிழமைப் படகு இனி அவளுக்கு என்று படகின் உரிமையாளர் சொல்லியிருந்தார். புருஷன் என்று காட்டிக்கொள்ளக் கூடாது என்பது அவள் எனக்குப் போட்ட நிபந்தனை.

இடக்கொச்சிப் படகுத்துறைக்கு ஆட்டோ இருநூற்றிருபது ரூபாய். காலை ஆறரைக்குப் புறப்பட்டோம். பத்துப் பேர், பெரும்பாலும் கோயம்புத்தூர்க்காரர்கள்.

வசந்தாவுக்குப் பறவைப் பெயர்கள் மலையாளத்தில்தான் வாயில் வரும். ஒரு மாதமாகத் தோசை வார்த்துக்கொண்டே தமிழில் உருப்போட்டாள். கேட்டுக் கேட்டு எனக்கும் மனப்பாடம். நீர்க்காகம், செந்நாரை, மீன்கொத்தி என்று ஒன்றிலும் தடுமாறவில்லை. செம்பருந்து தலைக்கு மேல் வட்டமிட்டபோது எல்லோரும் போனை எடுக்குமுன் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். வழிகாட்டியும்தான்.

ஏழரை மணிக்குக் கண்டல் மரங்கள் அடர்ந்த திட்டு ஒன்று வந்தது. கரையில் ஒரு நீர்நாய் மீனைக் கடித்துக்கொண்டிருந்தது. பின்னால் பொந்து வாயில் இரண்டு குட்டிகள். வசந்தா படகோட்டும் சேட்டனிடம் மோட்டாரை நிறுத்தச் சொன்னாள். கேமராவோடு முன்னால் இருந்த தொப்பிக்காரர், "இன்னுங் கொஞ்சம் கிட்டத்துல போலாமுங்க" என்றார். குட்டிகள் இருக்கின்றன, கிட்டே போனால் தாய் மிரண்டுவிடும் என்றாள் வசந்தா. அவர் விடவில்லை. இவ்வளவு தூரம் வந்ததே இதற்குத்தான், போகாவிட்டால் உரிமையாளரிடம் புகார் சொல்வேன் என்றார்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. நிபந்தனையாவது மண்ணாவது என்று எழுந்துவிட்டேன். படகு ஆடியது. நீர்நாய் தலையைத் தூக்கிப் பார்த்தது.

"நீலச் சட்டை சார், ஒக்காருங்கோ. உங்களால அது ஓடிப்போயிடும்."

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் என்னை சார் என்றதில்லை. அவள் சொன்னவுடன் நான் உட்கார்ந்ததும் இல்லை. பெட்டிப்பாம்பாக அடங்கினேன். பிறகு தொப்பிக்காரரிடம் திரும்பினாள். "கிட்டப் போக மாட்டேன் சார். புகார் சொல்றதுன்னா சொல்லுங்கோ. சத்தம் போடாம இருந்தா இங்கேர்ந்தே பாக்கலாம்."

சற்று நேரத்தில் ஒரு குட்டி இறங்கி வந்து தாயின் மீனைப் பிடித்து இழுத்தது. தொப்பிக்காரர் படமெடுத்துத் தள்ளினார்.

ஒன்பது மணிக்குத் துறையில் உரிமையாளர் காத்திருந்தார். எப்படி இருந்தது என்று கேட்டார். நான் தொப்பிக்காரரைப் பார்த்தேன்.

"கிட்டத்துல விடலைங்க, வருத்தந்தான்" என்றார் தொப்பிக்காரர். "ஆனா துள்ளுன இந்த நீலச் சட்டைக்காரரையே உக்கார வெச்சாங்க பாருங்க. அடுத்த மாசம் எங்கண்ணன் குடும்பம் வருது. இந்தம்மா படகுலயே ஏத்தி விடுங்க."

போக நினைப்பவர்களுக்கு: டிசம்பர், ஜனவரிக் காலைகள் நல்லவை. தொப்பி, தண்ணீர் கொண்டுபோங்கள். தீனி எதையும் தண்ணீரில் போடாதீர்கள். உட்காரச் சொன்னால் உட்காருங்கள், எனக்கே சலுகை கிடைக்கவில்லை. சனிக்கிழமைப் படகு இப்போது வசந்தாவுடையது. அந்தத் துறையில் நின்று எல்லோரும் கேட்கச் சொல்ல நாக்குத் துடித்தது, நிபந்தனைக்காக விழுங்கிக்கொண்டேன். அதனால் இங்கே உரக்கச் சொல்கிறேன்: அந்த அம்மா என் பெண்டாட்டி.