பெயர் எழுதாத புகார்

இரண்டு வருடங்களுக்கு முன், கூடுவாஞ்சேரிப் பக்கம் ஒரு இன்ஜினீயரிங் கல்லூரியில் நான் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தபோது நடந்தது இது.

ராகிங் தடுப்புக் குழுவுக்கு மாணவர்கள் வேண்டும் என்று அறிவித்ததும் முதல் ஆளாகப் பெயர் கொடுத்தவள் நான். போஸ்டர் ஒட்டினேன். முதலாம் ஆண்டு வகுப்புகளுக்கெல்லாம் போய், "நம்ம ஸ்டேட்ல இதுக்குன்னு தனிச் சட்டமே இருக்கு, ஜெயிலுக்கே போகணும்" என்று மூச்சுவிடாமல் பேசினேன். நூலக வாசலில் புகார்ப் பெட்டி வைக்கச் சொன்னதும் நான்தான். "பேரே எழுத வேணாம். நடந்ததை மட்டும் எழுதிப் போடுங்க. யாருன்னு யாருக்கும் தெரியாது."

மூன்று வாரம் பெட்டி காலியாகவே கிடந்தது. எனக்கே கூச்சமாகிவிட்டது. நான்காவது வாரம் ஒரு தாள் கிடைத்தது. நோட்டிலிருந்து கிழித்து, இரண்டு பக்கமும் நெருக்கி எழுதியிருந்தது. தாம்பரம் போகும் கல்லூரி பஸ்ஸில் இறுதியாண்டு அக்காக்கள் மூன்று பேர் தன்னை உட்காரவே விடுவதில்லை, வீடு எங்கே என்று கேட்டுவிட்டு மூக்கைப் பொத்திக்கொள்கிறார்கள், அவர்களுடைய லேப் ரெக்கார்டையெல்லாம் தன்னையே எழுத வைக்கிறார்கள், கல்லூரிக்கு வரவே பயமாக இருக்கிறது என்று.

படித்ததும் கோபம் வந்தது. ஆனால், உண்மையைச் சொல்லவேண்டும், கோபத்தைவிட சந்தோஷம்தான் அதிகம். பொறுப்பாசிரியரிடம் கொண்டுபோய்க் கொடுக்கும்வரைகூடப் பொறுக்கவில்லை. அங்கேயே போட்டோ எடுத்து, குழுவின் வாட்ஸப் குரூப்பில் போட்டேன். "நம்ம பெட்டி வேலை செய்யுது!" பெயர்தான் இல்லையே, என்ன ஆகிவிடப்போகிறது?

அன்று மாலை, கையும் களவுமாகப் பிடித்துவிடலாம் என்று நானும் அந்த பஸ்ஸில் ஏறினேன். முன்சீட்டில் ஆசிரியர்கள் அரைத் தூக்கத்தில் இருந்தார்கள். கடைசி சீட்டருகே ஒல்லியாக ஒரு பெண் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டிருந்தாள். உட்கார்ந்திருந்த மூவரில் ஒருத்தி போனைப் பார்த்து, அழுகிற குரலில் அவளுடைய புகாரை வரிவரியாக வாசித்துக்கொண்டிருந்தாள். மற்ற இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"இன்னாடி, பேர் போடலன்னா தெரியாதா? எங்க ரெக்கார்டு ஃபுல்லா உன் கையெழுத்துதானே கீது!"

"அக்கா, விடுங்கக்கா" என்றேன்.

வாசித்தவள் திரும்பினாள். "அடடே, கமிட்டி மேடம்! நீதானே போட்டோ எட்த்து குரூப்ல போட்ட? எங்களுக்கும் வந்துச்சு. தேங்க்ஸ்மா."

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். பெருங்களத்தூர் சிக்னலில் பஸ் நின்றதும், வண்டிகளுக்கு நடுவிலேயே குதித்து இறங்கிப் போய்விட்டாள். லாரி ஒன்று பிரேக் போட்ட சத்தத்தில் என் உயிரே போய் வந்தது.

மறுநாளே எல்லாவற்றையும் பொறுப்பாசிரியரிடம் சொன்னேன். விசாரணை நடந்தது, மூவரும் சஸ்பெண்ட் ஆனார்கள். அவள் மட்டும் திரும்பி வரவேயில்லை.

ஒரு மாதம் கழித்து அவளுடைய அம்மா டி.சி. வாங்க வந்திருந்தார். பெரும்பாக்கம் குடிசை மாற்று வாரியக் குடியிருப்பிலிருந்து வேலைக்கு லீவு போட்டு வந்தவர். ஆபீஸ் வாசலில் என் கழுத்திலிருந்த குழு அட்டையைப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"ஏம்மா, எம்பொண்ணு பேர் போடாமதான் எழுதிக் குட்த்துச்சாம். அப்பறம் எப்டிம்மா அவங்களுக்குத் தெரிஞ்சிச்சு? அது வாயே தொறக்க மாட்டேங்குது."

"தெரியலம்மா" என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டு, டி.சி.யை மழையில் நனையாமல் பிளாஸ்டிக் கவரில் சுருட்டிக்கொண்டு நடந்தார். கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

இப்போதும் யாராவது என்னை நம்பி ஒன்றைச் சொன்னால், உடனே ஓடிப்போய் ஏதாவது செய்யத்தான் மனசு துடிக்கிறது. அந்தத் துடிப்பைக் கண்டுதான் எனக்கு இன்றுவரை பயம்.