‘மற்றவை’ என்ற கட்டம்

ஆய்வு நிறுவனத்தில் அந்த அம்மாளுக்குத் ‘தொண்ணூத்தொம்பது’ என்று பெயர் விழுந்தபோது வயது நாற்பத்தாறு. அதற்கு முன் பதினெட்டு வருடம் வீடு வீடாகப் படியேறிப் படிவம் நிரப்பியவர். யார் வாயிலும் விழாதவர். கல்லூரியில் பொருளாதாரம் படித்தார். மனிதன் எதைச் செய்தாலும் தன் ஆதாயத்தைப் பார்த்துத்தான் செய்வான் என்று பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதி நல்ல மதிப்பெண் வாங்கினார். அதை நம்புகிறாரா என்று யாரும் கேட்கவில்லை.

அந்த வருடத்து ஆய்வு, ஜனங்கள் அடுத்தவருக்கு ஏன் உதவுகிறார்கள் என்பது. பதிலுக்கு நான்கு கட்டங்கள்: கைம்மாறு, நல்ல பெயர், ஊர்ப்பேச்சுக்குப் பயம், மனத்திருப்தி. எதிலும் அடங்காதது ‘மற்றவை’. அதன் எண் தொண்ணூற்றொன்பது.

அடுக்குமாடி ஒன்றில் ஒரு தையற்காரர், எதிர்வீட்டில் படுத்த படுக்கையாகக் கிடந்த பெரியவரை இரண்டு வருடமாகக் குளிப்பாட்டி வந்தார். உறவு கிடையாது. ஏன் என்று கேட்டார் அம்மாள்.

“அல்லாவுக்காக.”

“மனசுக்குத் திருப்தியா இருக்குமில்ல, அண்ணே?” பேனா நான்காம் கட்டத்துக்குப் போய்விட்டது.

“எங்கம்மா திருப்தி? வாய்க்கு வந்தபடி திட்டுவாரு. நாத்தம் குடலைப் புரட்டும். ஆனா பக்கத்து வீட்டுக்காரருக்கு என் மேல ஹக்கு இருக்கு, உரிமை. எனக்குப் புடிக்குதா இல்லையாங்கிற பேச்சே அதுல இல்ல.”

பேனா ‘மற்றவை’க்கு நகர்ந்தது. அன்றிலிருந்து இந்த மாதிரி பதிலையெல்லாம் இழுத்துப் பிடித்து நான்கில் அடைக்கவில்லை அவர். மாதக் கடைசியில் எண்ணினால் இருநூற்றுப் பன்னிரண்டு.

ஆய்வுத் தலைவர் கூப்பிட்டனுப்பினார். “இதையெல்லாம் நாலாவதுல போட்டுடுங்க மேடம். சொர்க்கம் கெடைக்கும்னு செய்றாங்க. அதுவும் ஆதாயம்தானே?”

“எது சொன்னாலும் ஆதாயம்னு முன்னாடியே முடிவு பண்ணிட்டா, எங்களை எதுக்கு சார் வெயில்ல அனுப்புறீங்க?”

“உலகம் பூரா இப்படித்தான் பண்றாங்க.”

“உலகம் பூரா இல்ல சார். இந்தப் படிவத்தை எழுதுன ஊர்ல.”

தலைவர் கோபக்காரர் இல்லை, சிரித்துக்கொண்டார். கணினி ஒரு காலைப்பொழுதில் இருநூற்றுப் பன்னிரண்டையும் நான்காம் கட்டத்துக்கு மாற்றியது. மக்கள் பெரும்பாலும் தங்கள் திருப்திக்காகவே உதவுகிறார்கள் என்று அறிக்கை வந்தது.

பள்ளிவாசல் நூலகம் நடத்திய மாத இதழுக்கு அம்மாள் ஒரு கட்டுரை எழுதினார். ஆசை மட்டும் உள்ள, கடமையும் மறுமையும் இல்லாத ஒரு மனிதனை மேற்கத்தியப் படிப்பு முதலில் கற்பனை செய்துகொள்கிறது. பிறகு அவனோடு ஒத்துப்போகாதவர்களை ‘மற்றவை’ என்கிறது என்பது சாரம்.

பேருந்துப் பணிமனையில் மெக்கானிக்கான கணவர் நிதானமாகப் படித்தார். “நல்லாத்தான் இருக்கு. நீ எந்த நிய்யத்துல, எந்த எண்ணத்துல எழுதின? அல்லாவுக்காகவா, அந்த ஆளு மேல இருக்கிற கோவத்துலயா?”

இரண்டு நாள் கழித்து அம்மாள் கட்டுரையின் கடைசியில் ஒரு பத்தி சேர்த்தார்: நிய்யத்து இறைவனுக்கு மட்டுமே தெரியும்; தன்னுடையதே தனக்குத் தெரியவில்லை; கட்டம் நாலானாலும் நாற்பதானாலும் வாசலில் நின்று கேட்கிற கேள்வி இது இல்லை.

ஆய்வு நிறுவனத்தில் அவருடைய ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. இப்போது ஒரு மருத்துவமனையில் படுக்கைகளின் எண்ணிக்கை எடுக்கிறார். கட்டுரைக்கு மூன்று கடிதங்கள் வந்தன. இரண்டு மறுப்பு. அவற்றுக்கும் பதில் எழுதினார்.