வரேன் என்று போன வண்டி

மோட்டாரக்கா என்றால் அந்த ஆஸ்பத்திரியில் வாட்ச்மேன் முதல் பெரிய டாக்டர் வரை எல்லோருக்கும் தெரியும். பேட்டரி சக்கர நாற்காலி மக்கர் பண்ணினால் அவள்தான் வரவேண்டும். சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்கமாட்டாள். வாய் கொஞ்சம் நீளம், கை அதைவிட வேகம்.

அவள் புருஷன் அங்கேயே வார்டு உதவியாளர். துணி மூட்டை, மருந்துப் பெட்டி என்று இழுத்து இழுத்து மனுஷனுக்கு இடுப்பே போய்விட்டது. புரண்டு படுக்கக்கூட முனகுவார். பார்த்துப் பார்த்து வயிறெரிந்தவள், "சீ, இதுக்கு ஒரு வழி பண்ணாம விடமாட்டேன்" என்று உட்கார்ந்தாள். கழித்துப்போட்ட நாற்காலிகளின் மோட்டார்கள், தரையில் ஒட்டிய கறுப்புப் பட்டையைப் பார்த்துக்கொண்டே போகும் கேமரா, மூடி போட்ட பெட்டி. தானாக ஓடும் வண்டி தயார்.

விலை குறைந்தால்தான் ஆஸ்பத்திரி வாங்கும். அதனால் வேண்டாததையெல்லாம் வெட்டினாள். பெட்டியைத் திறந்தார்களா என்று பார்க்கும் சென்சாரும் போயிற்று. "வாசல்ல வந்து நின்னா எடுத்துக்கப் போறாங்க. இதுக்கு எதுக்குங்க தனியா ஒரு சென்சார்?" என்றாள். புருஷனும் தலையாட்டினார். அவர் எதற்குத்தான் ஆட்டவில்லை!

வண்டி பேசுவது அவள் குரலில்தான். வாசலில் நின்றதும் "வந்தாச்சு" என்று சொல்லும். கொஞ்சம் காத்திருந்து திரும்பும்போது, முதலில் "போறேன்" என்று சொன்னது. பெண்கள் வார்டில் ஒரு அம்மா பிலுபிலுவென்று பிடித்துக்கொண்டாள்: "ஆளுங்க உசுருக்குப் போராடுற இடத்துல போறேன்னா சொல்லுது? வாயில வசம்ப வச்சுத் தேய்க்க!" மோட்டாரக்கா சிரித்துவிட்டு அன்றைக்கே "வரேன்" என்று மாற்றிவிட்டாள். நாமும் கிளம்பும்போது அப்படித்தானே சொல்கிறோம்?

துணியும் மருந்தும் ஒழுங்காகப் போய்வந்தன. பிறகு முதன்முதலாக ரத்தம் ஏற்றினார்கள். பிரசவமான ஒரு பெண்ணுக்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை. கீழே ரத்த வங்கியில் பையை ஐஸ் டப்பாவோடு பெட்டிக்குள் வைத்தார்கள். வண்டி சாய்தளத்தில் ஏறிப் போவதை மோட்டாரக்கா கண்குளிரப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

கொஞ்ச நேரம் கழித்துப் போன் அடித்தது. புருஷன்தான். "எங்க இருக்க நீ? ரத்தம் இன்னும் வரலன்னு ஆபரேஷன் தியேட்டர்லேர்ந்து கத்துறாங்க!"

"என்ன உளர்றீங்க? எப்பவோ அனுப்பியாச்சே!"

சொன்னாளே தவிர, கால் அதற்குள் ஓட ஆரம்பித்துவிட்டது. சாய்தளத்தில் வண்டி இல்லை. தியேட்டர் வாசலிலும் இல்லை. அந்தப் பெண்ணின் புருஷன் மட்டும் முழங்காலில் முகம் புதைத்துச் சுவரோரம் குந்தியிருந்தான்; சுற்றி நடப்பது எதுவும் அவன் காதில் ஏறவில்லை. கதவு திறந்து சிஸ்டர் எட்டிப் பார்த்தாள். கையுறையெல்லாம் ரத்தம்.

"எங்கக்கா உங்க வண்டி? உள்ள எல்லாருக்கும் கை ஓயல. நான் கதவுகிட்ட வந்தப்ப வெளியில 'வரேன்'னு சத்தம் கேட்டுச்சு. நானும் வருது, வருதுன்னு டாக்டர்கிட்ட சொல்லிக்கிட்டே இருக்கேன்!"

மோட்டாரக்கா தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஐயோ சிஸ்டர்! அது வரும்போது சொல்றதில்ல, கிளம்பும்போது சொல்றது!"

"அடப்பாவி! வேற பை கேட்டா பொருந்துதான்னு பார்த்துக் குடுக்கவே நேரமாகுமே! ஓடுங்கக்கா!"

வண்டி சார்ஜ் ஏறுவது கீழே சலவை அறையில். அது திரும்பிப் போகும் பின்பக்கச் சாய்தளத்தில் விழுந்தடித்துக்கொண்டு இறங்கினாள். ஒவ்வொரு திருப்பத்திலும் தன்னையே திட்டிக்கொண்டாள். சென்சார் வேண்டாமாம்! பெரிய புத்திசாலி! ஒரு உயிர் போனால் எந்த முகத்தை வைத்துக்கொண்டு இந்த வாசலை மிதிப்பாள்?

சலவை அறையில் வண்டியைக் காணோம். அழுக்குத் துணிக் குவியல்தான் இருந்தது.  பிறகு குவியலின் அடியில் சார்ஜ் விளக்கு மினுங்குவதைக் கண்டாள். வண்டி காலி என்று நினைத்து யாரோ போர்வைகளை அதன்மேல் கொட்டியிருந்தார்கள். இரண்டு கையாலும் வாரி எறிந்தாள். டப்பாவை மார்போடு அணைத்துக்கொண்டு மூச்சிரைக்க ஏறினாள். சிஸ்டர் பிடுங்கிக்கொண்டு உள்ளே ஓடினாள்.

சுவரோரம் இருந்தவன் எழுந்து வந்து கைகூப்பினான். "நல்லா இருப்பீங்கக்கா. இப்படி ஓடி ரத்தத்தைக் கொண்டாந்து குடுத்தீங்களே."

பேசாமல் இருந்துவிடலாம். அவனுக்கு என்ன தெரியப்போகிறது? ஆனால் அந்தக் கும்பிட்ட கையைப் பார்த்துக்கொண்டு அவளால் மறைக்க முடியவில்லை.

"கும்பிடாதீங்க தம்பி. என் வண்டியாலதான் லேட்டாச்சு. இந்த வாசல் வரைக்கும் ரத்தத்தைக் கொண்டு வந்துட்டு, குடுக்காமலே திரும்பிப் போயிடுச்சு. தப்பு என்னோடது."

அவன் கைகள் பிரிந்தன. அவளையே பார்த்தான். அவன் மனைவி பிழைத்துக்கொண்டது சாயங்காலம்தான் தெரிந்தது. இப்போதோ, அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கதவு மறுபடி திறந்தது. "இன்னொரு பை வேணும், சீக்கிரம்! அப்பவே கீழே சொல்லிட்டேன், பொருத்தம் பார்த்து எடுத்து வச்சிருப்பாங்க!" என்றாள் சிஸ்டர்.

மோட்டாரக்கா திரும்பினாள். அவன் குறுக்கே கை நீட்டித் தடுத்தான்.

"நீங்க தொட வேணாம்க்கா."

சொல்லிவிட்டு அவனே ஓடினான். ரத்த வங்கி எந்தப் பக்கம் என்று அவனுக்குத் தெரியாது. அவள் அழுதுகொண்டே பின்னால் ஓடினாள். "இடது பக்கம் தம்பி, இடது பக்கம்!" என்று கத்தினாள்.