நாடி, மூச்சு, பிரஷர், பொலிஸ் பதிவு

தாதிப் பயிற்சியில் ஊசியைத் தொட விடுவதற்கு முன்னால், நோயாளியைப் பார்க்கவும் கேட்கவும் தொடவும்தான் விடுவார்கள். இதை லேசான வேலை என்று சொல்பவர்கள் வேறு தொழில் பார்ப்பவர்கள். வெள்ளை உடுப்புக்குக் கஞ்சி போட்டு, மணிக்கூட்டை நெஞ்சில் குத்தி, முதல் கட்டிலுக்குப் பக்கத்தில் போய் நின்ற தாதிமாராகிய உங்களுக்கு நான் ஒன்றும் விளக்கத் தேவையில்லை. நான் இதைப் பழகியது கொழும்பில், ஒரு தனியார் ஆஸ்பத்திரியில், யுத்தம் நடந்த வருஷங்களில். வீடு வெள்ளவத்தையில்.

விவரம் கேட்டல்

நோயாளியிடம் விவரம் கேட்க ஓர் ஒழுங்கு சொல்லித் தந்திருந்தார்கள். பெயர், வயது, சொந்த ஊர், இப்போது தங்கியிருக்கும் இடம், கூட யார் யார் இருக்கிறார்கள், அண்மையில் எங்கேயாவது பயணம் போனதுண்டா. முகத்தைப் பார்த்து, மெதுவாக, அன்பாகக் கேட்க வேண்டும். எனக்குக் கிடைத்த முதல் ஆள் சாவகச்சேரியில் இருந்து வந்து, கொட்டாஞ்சேனையில் ஒரு லொட்ஜில் தங்கியிருந்த ஐயா. குளிர் காய்ச்சல். நான் அன்பாகக் கேட்கக் கேட்க அவருடைய முகம் வெளிறிக்கொண்டே போனது. அதையும் ஓர் அறிகுறி என்று குறித்துக்கொண்டேன்.

மலேரியாவாக இருக்குமோ என்று எனக்குச் சந்தேகம். வன்னிக் காட்டில் மலேரியா அதிகம், அப்போது புலிகளும் அங்கேதான். “ஐயா, கிட்டடியில வன்னிப் பக்கம் போனனீங்களோ?” என்று கேட்டேன். மனிதர் எழும்பி உட்கார்ந்துவிட்டார். தலையணைக்குக் கீழே இருந்த பொலித்தீன் பையை எடுத்து, அடையாள அட்டை, வடக்கிலிருந்து வரும் தமிழர் கொழும்பில் தங்குவதற்கு எடுக்க வேண்டிய பொலிஸ் பதிவு, லொட்ஜ் ரசீது எல்லாவற்றையும் போர்வைக்கு மேல் வரிசையாகப் பரப்பினார். நுளம்பைப் பற்றித்தான் கேட்கிறேன் என்று நான் சொன்னதை அவர் நம்பியதாகத் தெரியவில்லை.

“பிள்ளை, காய்ச்சல் உண்மையாத்தான் காயுது. மற்றும்படி எனக்கு ஒருத்தரோடையும் ஒரு தொடர்பும் இல்லை.”

மூச்சு

மூச்சை எண்ணுகிறோம் என்று நோயாளிக்குத் தெரியக்கூடாது. தெரிந்தால் அவருடைய மூச்சு மாறிவிடும். அதனால் நாடி பார்த்து முடிந்த பிறகும் கையை விடாமல், கண்ணை மட்டும் நெஞ்சுக்குக் கொண்டுபோய், ஏறி இறங்குவதை எண்ண வேண்டும். இதைக் கண்டுபிடித்தவர் ஒரு ஹாஜியாருக்கு இதைச் செய்து பார்த்திருக்க மாட்டார்.

எங்கள் ஹாஜியாருக்குக் கொட்டாஞ்சேனையில் இரும்புச் சாமான் கடை, நெஞ்சில் இழுப்பு. நான் கண்ணை நெஞ்சுக்குக் கொண்டுபோனதும் மூச்சை நிறுத்திவிடுவார். யன்னலைப் பார்த்தால் விடுவார். திரும்பினால் மறுபடி நிறுத்துவார். இழுப்புக்காரர் இப்படி நிறுத்தினால் என்ன ஆகும் என்று எனக்குத்தான் மூச்சு வாங்கியது.

“மகள், நாடி கையிலதானே ஈக்குது? எனத்துக்கு நெஞ்செப் பாக்கிறீங்க, அங்க ஏதும் எழுதியா ஈக்குது?”

பிரஷர்

வீட்டில் பழகுவதற்காகப் பிரஷர் பார்க்கும் கருவி ஒன்றைப் பழையதாக வாங்கினேன். துணிப்பட்டி, அதிலிருந்து இரண்டு ரப்பர் குழாய், ஒன்றின் நுனியில் அமுக்குகிற உருண்டை, மற்றதின் நுனியில் மணிக்கூடு போல வட்டமும் முள்ளும். இப்படி ஒரு பொருளைக் கைப்பையில் போட்டுக்கொண்டு பம்பலப்பிட்டிச் சோதனைச்சாவடிக்குள் போவது புத்தியா என்று நான் யோசிக்கவில்லை. பையைத் திறந்த ஆமிக்காரன் பின்னால் பாய்ந்தான். வரிசையில் நின்ற சனம் முழுவதும் அவனோடு சேர்ந்து பாய்ந்தது.

எனக்குத் தெரிந்த சிங்களத்தில் நேர்ஸ், நேர்ஸ் என்று சொன்னேன். மூத்தவர் ஒருவர் வந்து, அப்படியென்றால் இவனுக்குப் பார்த்துக் காட்டு என்றார். மண்மூட்டைக்கு மேல் அவனுடைய கையை வைத்துப் பட்டியைக் கட்டினேன். துவக்கை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டான். என் வயதுதான் இருக்கும். பிரஷர் நன்றாக ஏறியிருந்தது. அதைச் சொன்னால் என்ன நடக்குமோ என்று பயந்து, கடைசியில் சொன்னேன். மூத்தவர் சிரித்துக்கொண்டு அடுத்த பையைப் பார்க்கப் போனார். இவன் சிரிக்கவில்லை. குனிந்து, தங்கச்சி, இதை எழுதித் தர முடியுமா, என்னை வீட்டுக்கு அனுப்புவார்களா என்று சிங்களத்தில் கேட்டான்.

“நங்கி, மேக்க லியலா தென்ட புளுவன்த? மாவ கெதர யவய்த?”

வயிறு

வயிற்றை அமுக்கும்போது நோயாளியின் வயிற்றைப் பார்க்காதே, முகத்தைப் பார் என்பது பாடம். வாய் சொல்லாததை முகம் சொல்லும். அன்டனி என்று ஓர் இளைஞன் வயிற்றுக் குத்தோடு வந்தான். அந்தப் பெயரை வைத்து ஆளைத் தமிழர், சிங்களவர் என்று எந்தப் பக்கமும் சேர்க்க முடியாது. வாட்டில் எல்லோரோடும் சுத்தமான சிங்களத்தில் கதைத்தான். அதற்கு முந்தின நாள் நகரத்தில் குண்டு வெடித்திருந்தது. அன்றைக்கு ஒருவரும் சத்தமாகத் தமிழ் கதைக்கவில்லை, நான் உட்பட.

வாட்டுக்குப் பொறுப்பான சிஸ்டர் பக்கத்தில் நிற்க, வலது பக்கம் கீழே மெதுவாக அமுக்கி, சட்டென்று கையை எடுத்தேன். சிங்களவர்கள் நொந்தால் “அம்மே” என்பார்கள். இவன் “ஐயோ அம்மா” என்றான். பாடத்தில் சொன்னபடி முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், குத்து வந்து போன பிறகும் அந்த முகத்தில் ஏதோ ஒன்று போகாமல் நின்றது. சிஸ்டர் குடல்வால் என்று சொல்லி டொக்டரைக் கூப்பிடப் போனார். அவன் என் பெயர்ப்பட்டியை வாசித்தான். பிறகு குரலை அடக்கிக் கேட்டான்.

“தங்கச்சி, பெரிசாக் கேட்டிட்டுதோ?”

நெஞ்சு

எங்கள் ஒழுங்கையில், இரண்டு வீடு தள்ளி இருந்த மகேஸ்வரி அன்ரியின் மகனை ஆமியின் சுற்றிவளைப்பில் பிடித்துக்கொண்டு போனார்கள். அடுத்த நாள் அன்ரி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தார். கூட வந்தவர்கள் எல்லோரும், கவலைதான், பிள்ளை வந்தால் சரியாகிவிடும் என்றார்கள். அன்ரியும் அதையேதான் சொன்னார். டொக்டரும் நித்திரைக்கு ஒரு குளிசை எழுதிவிட்டு அடுத்த ஆளைப் பார்க்கப் போனார்.

நான் நாடி பார்க்கக் கையைப் பிடித்தேன். கை குளிர்ந்து, நனைந்துபோய் இருந்தது. நாடி ஓடி, நின்று, தடுக்கி விழுந்து ஓடியது. கவலைக்காரரின் நாடி வேகமாக ஓடும், ஆனால் இப்படித் தடுக்காது. என்னால் அதை ஒழுங்காக விளக்க முடியவில்லை. பயத்தில் சிஸ்டரின் கையை இழுத்து அன்ரியின் கையில் வைத்தேன். சிஸ்டர் சிங்களவர், கண்டிப்பானவர், மாணவி தன்னைத் தொட்டதை மன்னிக்காதவர். நாடியில் விரலை வைத்ததும் ஈ.சி.ஜி. மெசினைத் தானே தள்ளிக்கொண்டு வந்தார். மாரடைப்பு. கொஞ்சம் பிந்தியிருந்தால் நித்திரைக் குளிசையோடு போயிருப்பார்.

அன்ரி தப்பினார். சில நாள் கழித்து மகனையும் விட்டார்கள். நான் அன்ரிக்கு நாடி பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் அவன் வாட்டுக்குள் வந்தான். பிடித்துக்கொண்டு போன அன்று போட்டிருந்த அதே சேட்டு, இளைத்த முகம், ஒரு காலை நொண்டி நொண்டி. அம்மாவைப் பார்த்துச் சிரிக்கப் பார்த்தான். விரலுக்குக் கீழே நாடி துள்ளியது. நான் எண்ணிக்கையைத் தவறவிட்டேன். அன்ரி என்னுடைய கையை எடுத்து, கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்ற மகனின் மணிக்கட்டில் வைத்தார்.

“எனக்கு ஒண்டுமில்லை பிள்ளை, முதல் இவனை எல்லா இடமும் தொட்டுப் பார்.”

பரீட்சையில் நோயாளியை மதிப்பிடும் பாடத்துக்கு எனக்கு நல்ல புள்ளிதான் கிடைத்தது, ஆனால் அங்கே நோயாளிக்குப் பதிலாகப் படுத்திருந்த பொம்மை தன் ஊரைச் சொல்லப் பயப்படவில்லை.