எழுந்து நின்ற மயில்

போன வாரம் எங்கள் வீட்டு பிரிண்டர் ஒரு மாமியாரை அழ வைத்துவிட்டது.

திருத்தணியில் எங்கள் பக்கத்து வீட்டுப் பெண் புவனா. பன்னிரண்டு நாளில் கல்யாணம். அச்சாகி வந்த பத்திரிகையோடு ஓடி வந்தாள்.

"அக்கா, எங்க அத்த, மாப்ளயோட அம்மா, அவங்க பேரே இல்லக்கா. காலஞ்சென்ற மாமா பேரு மட்டும் போதும்னு நைனா வுட்டுட்டாரு. ஒண்டியா தறி போட்டு அவர வளத்தவங்க..."

மாப்பிள்ளைக்கு ஊர் அம்மையார்குப்பம். திரும்ப அச்சடிக்க நேரமில்லை என்று அச்சகத்தில் கைவிரித்துவிட்டார்கள். பேனாவால் எழுதிச் சேர்க்கலாம் என்றால், வரிகளுக்கு நடுவே எறும்பு நுழையவும் இடமில்லை.

எனக்குள் ஒரு பல்பு எரிந்தது. பத்திரிகையைத் திறந்தால் எழுந்து நிற்கிற மாதிரி ஒரு மயில் செய்தால் என்ன?

கம்ப்யூட்டரில் மயில் வரைந்தேன். விரித்த தோகையில், 'முனியம்மாள் அவர்களின் குமாரர்'. கெட்டி அட்டையை பிரிண்டர் கடித்துத் துப்பியது. ஒவ்வொன்றாகக் கையால் தள்ளிவிட்டதும் வழிக்கு வந்தது! வெட்டி, நடுவில் மடித்து, இரண்டு கால்களையும் பத்திரிகையின் மடிப்புக்கு இருபுறமும் ஒட்டினோம். மூடினால் படுத்துக்கொள்ளும், திறந்தால் எழும். இருவரும் பத்து தடவையாவது திறந்து மூடியிருப்போம்.

அப்புறம்தான் வந்தது வினை. பத்திரிகை மூலையில் மஞ்சள் தடவிய புவனாவின் ஈரக்கை பட்டு, மயிலின் கழுத்து நீலமாக வழிந்தது. என்ன செய்ய? மெழுகுவர்த்தியை எடுத்து மயில்மேல் லேசாகத் தேய்த்துப் பார்த்தேன். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டதும் முத்தாக உருண்டு ஓடியது.

அந்த நேரம் பார்த்து புவனாவின் அப்பா, அதே நைனா, வந்தார். "இன்னாம்மா பண்ணிகினு கீறீங்க?" என்றவர், தோகையைப் படித்தார். எங்கள் பக்கத்தில் உட்கார்ந்து, "இன்னொரு கத்திரி இருக்குதா?" என்றார்.

மாப்பிள்ளை வீட்டுக்கு நூறு பத்திரிகை. மூன்று நாள் வேலை.

கொடுக்கப் போனபோது என்னையும் அழைத்துப் போனார்கள். தறியை நிறுத்திவிட்டு வந்த அந்த அம்மா பத்திரிகையைப் பிரித்தார். மயில் எழுந்தது. எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"எம் பேரா இது?"

"ஆங், உங்க பேருதான் அத்த," என்றாள் புவனா.

முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மெல்ல மூடி, மறுபடியும் திறந்தார்.

பெயர் போட இடமில்லை என்று யாராவது சொன்னால் இனி நம்பாதீர்கள் — படுத்த வாக்கில்தான் இடமில்லை!